கூலிக்கு ஓர் இடுப்பு

ஜூன் 2

நான் பிள்ளை பெற்றதற்காக என் கம்பெனி என் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டது.

ஆறு மாத விடுப்பு முடிந்து இன்று போனேன். என் மேஜையில் சுதர்சன் உட்கார்ந்திருந்தான். நான் பார்த்துக்கொண்டிருந்த டீம் அவனுடையதாகிவிட்டது. எனக்குக் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு மூலை. இன்சூரன்ஸ் கிளெய்ம்களைச் சரிபார்க்கும் வேலை, முதன்முதலில் சேர்ந்தபோது செய்த அதே வேலை. மேனேஜர் ரகுராமன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு இப்ப பிரஷர் வேணாம்னுதாம்மா. நவம்பர் ரிவியூல பாப்போம். அதுவரைக்கும் லீவு கீவுன்னு நிக்காம இருந்தீங்கன்னா டீம் உங்களுக்குத்தான்."

இதே ஆள்தான் என்னை வேலைக்கு எடுக்கும்போது, "குழந்தை பெத்துக்கற ஐடியா இப்போதைக்கு இருக்கா?" என்று கேட்டவர். இல்லை என்றேன். பிறகு உண்டானபோது ஐந்தாம் மாதம் வரை துப்பட்டாவை விரித்துப் போட்டு மறைத்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவன்தான் தப்பு செய்தவன், மறைத்தவள் இல்லை.

தாரகையைப் பார்த்துக்கொள்ள பிரசன்னா இந்த வாரம் மட்டும் விடுப்பு எடுத்திருக்கிறான். அடுத்த வாரத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் நவம்பர் வரைகூட நான் தாங்க மாட்டேன்.

ஜூன் 5

ஆள் கிடைத்துவிட்டாள். எஸ்தர், கண்ணகி நகர். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். ஒரு பெண் குழந்தை ஸ்கூலுக்குப் போகிறது. கணவர் பெயின்டர். அரசாங்கத்து ஆட்கள் நகரத்துக்குள் இருந்த குடிசையைப் பிய்த்தெறிந்து, இவளைச் சின்ன வயதிலேயே இந்த ஊர்க்கோடிக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போதுகூடச் சிரிக்கிறாள். "நல்ல வேளக்கா, அப்ப கொட்னாங்க. இல்லன்னா உங்கூட்டுக்கு நடந்து வர முடியுமா?"

தாரகை அழாமல் அவளிடம் போனாள். எஸ்தர் அவளை இடது இடுப்பில் ஏற்றிய வேகத்தில் எனக்குப் பாதி கவலை போய்விட்டது.

கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் வர முடியுமா, டி.பி. மாதிரி ஏதாவது நோய் இருக்கிறதா, இப்போதைக்கு இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா. இல்லை என்றாள். என் மகளுக்கு ஆள் மாறிக்கொண்டே இருந்தால் ஆகாது. அதற்காகக் கேட்டதுதான்.

ஜூன் 9

சாயங்காலம் எஸ்தர் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாரகை கீழே விட்டால் வீறிடுகிறாள். நாள் முழுக்க இடுப்பு வேண்டும். வேலைக்காரர்களின் முதுகைப் பற்றி இந்த அபார்ட்மென்ட்டில் எவளும் யோசித்ததில்லை. நான் யோசித்தேன். ஆன்லைனில் ஹிப் சீட் ஆர்டர் செய்துவிட்டேன். கூடவே, ஆபீசிலிருந்து தாரகையைப் பார்க்கத் தொட்டில் பக்கம் வைக்க ஒரு கேமராவும்.

ஜூன் 12

ஹிப் சீட் வந்தது. அகலமான பெல்ட். அதன் முன்னால் முக்காலி மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு கெட்டியான மேடை. குழந்தை அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும், நாம் ஒரு கையால் முதுகை அணைத்துக்கொண்டால் போதும். மேடைக்கு அடியில் ஜிப் வைத்த பை, டயப்பர் வைக்க.

எஸ்தர் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இன்னாக்கா இது? இடுப்புக்கே ஒரு இடுப்பா?"

"போட்டுப் பாரு. முதுகு வலி போயிடும்."

"எங்கம்மா நாலு புள்ளய இடுப்புலயே வளத்துச்சு. அதுக்கு ஒரு ஸ்டூலு வாங்கிக் குடுக்க ஆள் இல்ல."

இனி அதற்கு ஸ்டூலு என்றே பெயர்.

தளர்வாகக் கட்டினாள். வீடியோவில் சொன்னபடி தொப்புளுக்கு மேலே ஏற்றி நானே இழுத்து ஒட்டினேன். "நல்லா டைட்டா இருக்கணும், இல்லன்னா எடை முதுகுக்குத்தான் போகும்." எஸ்தர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். முகம் ஒரு மாதிரி ஆனது. "பழகிடும்" என்றேன்.

ஜூன் 17

எஸ்தர் வாந்தி எடுத்தாள். முட்டை கெட்டுப்போயிருக்க வேண்டும். மிச்சத்தைத் தூக்கிப் போட்டேன்.

ஜூலை 4

இன்று சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆபீசிலிருந்து வந்தால், தாரகை தொட்டிலில் தூங்குகிறாள், எஸ்தர் சுவரில் சாய்ந்து நின்று சாப்பிடுகிறாள், ஸ்டூலைக் கழற்றவே இல்லை. சாப்பாட்டுத் தட்டு அதன் மேல் இருந்தது.

"ஏய், கழட்டி வச்சுட்டு உக்காந்து சாப்பிடேன்."

"டைனிங் டேபிளக்கா. எங்க போனாலும் கூட வருது."

போட்டோ எடுத்து எங்கள் பிளாக் அம்மாக்கள் குழுவில் போட்டேன். வேலை செய்பவர்களின் உடம்பும் உடம்புதான் என்று நாலு வரி எழுதினேன். இதய எமோஜியாகக் கொட்டினார்கள். நாலாவது மாடி சரண்யா லிங்க் கேட்டாள், தன் வீட்டு ஆளுக்கும் வாங்கப் போகிறாளாம். ஒன்றைத் தொடங்கிவைத்தால் பரவும் என்பது இதுதான்.

ஜூலை 22

மழை. எஸ்தரால் நடந்து வீட்டுக்குப் போக முடியவில்லை. டீ போட்டு இருவரும் குடித்தோம். ஆபீஸ் கதையை அவளிடம் கொட்டினேன். நாற்காலி போனது, ரகுராமன் கேட்ட கேள்வி, துப்பட்டாவால் மறைத்தது, சட்டப்படி என் வேலையை எனக்கே வைத்திருக்க வேண்டும் என்பது எல்லாம். எஸ்தர் தாரகையைத் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், "அஞ்சு மாசம் வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியலயா?" என்று கேட்டாள்.

"கண்ணு இருக்கறவனுக்குத்தானே தெரியும்."

"கரெக்ட்டுக்கா" என்றாள்.

ஆகஸ்ட் 10

ஞாயிறு. எஸ்தர் வராத நாள். தாரகையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட் போக ஸ்டூலை நான் கட்டினேன். பெல்ட் தொளதொளவென்று கழன்று விழுந்தது. ஒட்டும் பட்டையைக் கடைசி வரைக்கும் தளர்த்தி வைத்திருக்கிறாள். வந்தபோது என்னில் பாதிதான் இருந்தாள். நம் வீட்டுச் சாப்பாடு ஒட்டியிருக்கிறது. சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 3

ஆபீசில் நல்ல பெயர். ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. சுதர்சன் இரண்டு முறை சொதப்பியதை நான்தான் சரிசெய்தேன். ரகுராமன் எல்லார் முன்னாலும் பாராட்டினார். எஸ்தர் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்று பிரசன்னாவிடம் சொன்னேன். அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 19

தாரகைக்குப் புது விளையாட்டு. என் மடியில் ஏறியதும் சட்டையைத் தூக்கி வயிற்றில் தட்டுகிறாள். பிறகு காதை வைத்துக் காத்திருக்கிறாள். ஒன்றும் நடக்காததால் என்னை ஏமாற்றமாகப் பார்க்கிறாள். எங்கே கற்றாளோ.

அக்டோபர் 8

எஸ்தர் போன பிறகு எழுதுகிறேன்.

ஆபீசில் ஜெனரேட்டர் பழுது. மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். என் சாவியால் திறந்துகொண்டு போனேன். ஹாலில் பாய். எஸ்தர் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஸ்டூலு கழற்றிச் சுவரோரம் கிடந்தது. நைட்டிக்குள் வயிறு. தாரகை அந்த வயிற்றின் மேல் காதை வைத்துப் படுத்திருந்தாள். உள்ளே ஏதோ உதைத்திருக்க வேண்டும், தலையைத் தூக்கிச் சிரித்தாள்.

நான் பையைக் கீழே போட்டேன். எஸ்தர் விழித்தாள். அவசரமாக எழ முயன்றாள், முடியவில்லை. கையை ஊன்றி, முட்டி போட்டு, பிறகு எழுந்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்த எழும் விதம் அது. போன வருடம் இதே மாதத்தில் நான் அப்படித்தான் எழுந்தேன்.

"எத்தன மாசம்?"

"ஏழாவது நடக்குதுக்கா."

"வேலைக்குச் சேரும்போதே..."

"தெரியும்."

"நான் கேட்டேனே எஸ்தர். கேட்டேன்ல?"

"கேட்டீங்க. அதான் இல்லன்னேன்."

எனக்குக் கத்தத்தான் தோன்றியது. என் வீட்டில், என் கண் முன்னால், நான்கு மாதம். ஒரு பத்து கிலோ குழந்தையை வயிற்றின் மேல் ஏற்றி, அதற்குக் கீழே இன்னொன்று. "எப்படி மறைச்ச?" என்று கேட்டேன். எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி.

எஸ்தர் சுவரோரம் கிடந்ததைக் காட்டினாள். "உங்களுக்குத் துப்பட்டா. எனக்கு ஸ்டூலு."

தாரகை கையைத் தூக்கி அவளிடம்தான் போனாள்.

அக்டோபர் 9

அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை. என்னை ஏமாற்றிவிட்டாள். நான் அவளைக் கூடப்பிறந்தவள் மாதிரி நடத்தினேன். என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

எழுதிவிட்டு அந்தக் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரசன்னா வந்து, "வேற ஆள் பாத்துடலாம். ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலைலதான் விடியும்" என்றான்.

"ரிவியூவுக்கு மூணு வாரம்தான் இருக்கு."

"அதுக்கு?"

"புது ஆள்கிட்ட தாரகை நிப்பாளா?"

அவன் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தான்.

அக்டோபர் 10

எஸ்தரை உட்காரவைத்துப் பேசினேன். நாற்காலியில். ரிவியூ முடியும்வரை இருக்கச் சொன்னேன். குழந்தையைத் தூக்கவே கூடாது, பாயில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டால் போதும், ஸ்டூலைத் தொடவே கூடாது என்றேன்.

"பாப்பா தூக்கச் சொல்லி அழுமே."

"அழட்டும்."

"அழ வுட்டா நீங்க வுடுவீங்களா? வேலையில இருந்தபடி கேமராவுல பாத்துட்டு போன் போடுவீங்களே."

"போட மாட்டேன்."

"ஆஸ்பத்திரில நர்சம்மா ரெஸ்ட் எடுன்னுது. நா வேலைக்கு வந்துடறேன். நிப்பாட்டிடாதீங்கக்கா. இவரு மேல் சாரத்துல இருந்து வழுக்கி கை ஒடச்சிகினு குந்திகீறாரு."

கணவர் விழுந்தது எப்போது என்று கேட்டேன். ஆகஸ்ட்டில் என்றாள். ஆகஸ்ட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.

ஸ்டூலைத் துவைத்துக் கொடியில் போட்டாள்.

அக்டோபர் 13

எப்படியோ குழுவில் தெரிந்துவிட்டது. பிரசன்னா லிஃப்டில் யாரிடமோ உளறியிருக்க வேண்டும். காலையிலிருந்து மெசேஜ்.

இதெல்லாம் பக்கா சீட்டிங் என்கிறாள் ஒருத்தி. இனிமேல் சேர்க்கும்போது டெஸ்ட் எடுத்துவிட வேண்டும் என்கிறாள் இன்னொருத்தி. சரண்யா தன் வீட்டில் வேலை செய்யும் பெண்ணை ஹாலில் நிறுத்தி, ஸ்டூலைக் கழற்றச் சொல்லி, புடவை மடிப்பை விலக்கி வயிற்றைப் பார்த்தாளாம். அந்தப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. சரண்யா இதைச் சிரிக்கிற எமோஜியோடு எழுதியிருக்கிறாள். கீழே எனக்கு நன்றி: உங்களால்தான் உஷாரானேன்.

நீளமாக ஒரு பதில் எழுதினேன். அழித்தேன். எங்கள் பிளாக்கிலேயே குடியிருக்கும் ரகுராமனின் மனைவி அந்தக் குழுவில் இருக்கிறாள்.

அக்டோபர் 16

பாயின் பக்கம் திருப்பிவைத்த கேமராவில் பார்த்தேன். தாரகை பாயில் புரண்டு அழுகிறாள். எஸ்தர் பாடுகிறாள், கிலுகிலுப்பை ஆட்டுகிறாள், ஒன்றும் எடுபடவில்லை. முகம் சிவந்து மூச்சு விடாமல் அழுகிறாள். மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். போகும்முன் போன் செய்து, "என்ன எஸ்தர், இவ்ளோ நேரமா அழறா?" என்று மட்டும் கேட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை. தூக்கு என்று சொல்லவில்லை.

அக்டோபர் 20

கொடியில் ஸ்டூலு இல்லை. எங்கே என்று கேட்கவில்லை.

அக்டோபர் 24

தாரகை நன்றாக இருக்கிறாள். அழுவதே இல்லை. கேமராவுக்கு சார்ஜ் போட மறந்துகொண்டே இருக்கிறேன்.

அக்டோபர் 29

எஸ்தரின் கால் வீங்கியிருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொன்னேன்.

நவம்பர் 3

டீம் கிடைத்துவிட்டது.

ரிவியூ மத்தியானம் வரைக்கும் நீண்டது. ரகுராமன் கை கொடுத்தார். "சொன்னேன்ல? ஒரு லீவுகூட இல்ல. கமிட்மென்ட்னா இது." சுதர்சன் தன் சாமான்களை அட்டைப்பெட்டியில் அள்ளிக்கொண்டிருந்தான். என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதன் உயரத்தைக் குறைத்தேன். அப்போதுதான் போனைத் திருப்பிப் பார்த்தேன்.

எஸ்தர். எஸ்தர். எஸ்தர். பிறகு வாட்ச்மேன். பிறகு சரண்யா.

வரிசையாகத் திருப்பிக் கூப்பிட்டேன், சரண்யாதான் எடுத்தாள். கீழே பார்க்கில் எஸ்தர் உட்கார்ந்துவிட்டாளாம். பெஞ்செல்லாம் ரத்தம். தாரகை ஸ்டூலின் மேல் உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறாள், எஸ்தர் அவளை விடாமல் பிடித்திருக்கிறாள். வாட்ச்மேன் குழந்தையைப் பிரித்து வாங்கி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறார். "உங்க பேபி சேஃப், கவலப்படாதீங்க" என்று சரண்யா சொல்லிக்கொண்டே இருந்தாள். "அவ?" என்றேன். "தெரியலப்பா. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி."

நவம்பர் 4

ஆண் குழந்தை. எட்டாம் மாதம். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிய முதுகு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வருகிறது.

எஸ்தருக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள். பார்க்க விடவில்லை. வாசலில் அவள் கணவர் கட்டுப்போட்ட கையோடு ஃபிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு நின்றார். அவருக்கு என்னைத் தெரியாது. வெளியே வந்த டாக்டர், பிள்ளைப்பேறு பார்த்துக் களைத்த சின்னப் பெண், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சத்தம் போட்டாள்.

"வயித்துல பட்ட பட்டயா தழும்பு. என்னத்தக் கட்டியிருந்தாங்க?"

எஸ்தரின் கணவர் புரியாமல் விழித்தார். நான் சொன்னேன். குழந்தை தூக்கும் பெல்ட்.

"எட்டு மாசத்துலயா? யாரு கட்டச் சொன்னது?"

"அதனாலதான் இப்படி ஆச்சா டாக்டர்?"

"அதாலதான்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. அது இல்லன்னும் சொல்ல மாட்டேன். நீங்க யாரு அவங்களுக்கு?"

"தெரிஞ்சவங்க" என்றேன்.

அவள் கணவர் என் பக்கம் திரும்பி, "வந்ததுக்கு நன்றிம்மா" என்று கும்பிட ஒற்றைக் கையைத் தூக்கினார்.

நவம்பர் 6

ஸ்டூலை வாட்ச்மேன் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேடையில் தாரகை கடித்த பல் தடம். பெல்டின் உள்பக்கம் பழுப்பாகக் காய்ந்திருக்கிறது. அடியிலிருந்த பையைத் திறந்தேன். ஒரு டயப்பர், பாதி உறிஞ்சிவிட்டுக் காகிதத்தில் சுற்றிய புளிப்பு மிட்டாய், இரும்புச் சத்து மாத்திரை அட்டை. டயப்பர் என் மகளுடையது.

தாரகை அதைப் பார்த்ததும் என்னிடம் இழுத்துக்கொண்டு வந்தாள். கட்டச் சொல்கிறாள். வாங்கி, பரண் மேல் போட்டேன். மாடி முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.

குழுவில் இன்று பேச்சு வேறு. தீபாவளி ரங்கோலி.

நவம்பர் 9

இன்று பார்க்க விட்டார்கள்.

எஸ்தர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மார்பின் மேல், நைட்டிக்குள்ளே, பையனை வைத்து ஒரு பழைய புடவையால் உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து கொஞ்ச நேரம் இப்படி எடுத்துக் கொடுக்கிறார்களாம், அம்மாவின் சூடு பட்டால் எடை ஏறுமாம். ஒரு கறுப்புத் தலை மட்டும் தெரிந்தது.

"ஸ்டூலு இல்லாமலே நிக்குது பாருங்க" என்றாள்.

எனக்குச் சிரிக்க வரவில்லை. வாங்கிப்போன ஆப்பிள்களை மேஜையில் வைத்தேன். அதை வைத்துவிட்டுக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"பாப்பா எப்பிடி கீது?"

"தேடறா."

"பெஞ்சுலேந்து வுழல. நா புடிச்சினுதான் இருந்தேன். அத சொல்லணும்னுதான் உங்களுக்குப் போன் போட்டேன்."

"தெரியும் எஸ்தர்."

"யாரு பாத்துக்கறா?"

"என் மாமியார் வந்திருக்காங்க. கொஞ்ச நாளைக்கு."

அவள் தலையாட்டினாள். பையன் முனகினான். விரல் நுனியால் அவன் முதுகைத் தடவினாள். பிறகு, ஏதோ மழை நாளில் டீ குடித்தபடி விட்ட பேச்சைத் தொடர்வதுபோலக் கேட்டாள்.

"நாற்காலி கெடச்சுதாக்கா?"

"கெடச்சுது."

"லீவு போனப்ப உங்களுக்கு எத்தன மாசம் குட்தாங்க?"

"ஆறு."

"சம்பளத்தோட?"

"ம்."

"வேலய வேற யாருக்கும் குடுக்காம வச்சிருக்கணும்னு சட்டம் கீதுன்னு சொன்னீங்களே அன்னிக்கு. அதானே சண்டையே."

"ஆமா."

எதிர்க் கட்டிலில் இருந்தவள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எஸ்தரின் கணவர் ஃபிளாஸ்க்கின் மூடியில் ஊற்றிய டீயை எனக்கு நீட்டினார். வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது.

எஸ்தர் குரலை உயர்த்தவில்லை. சிரிக்கவும் இல்லை. முதல் நாள் தாரகையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்த அதே நேர்ப் பார்வை.

"அப்ப எனக்கு எத்தன மாசம் குடுப்பீங்க?"

நர்ஸ் வந்து, நேரமாகிவிட்டது, வெளியாட்கள் எல்லாம் கிளம்புங்கள் என்று கையைத் தட்டினாள். கட்டில் கட்டிலாக ஆட்கள் எழுந்தார்கள். எஸ்தர் என் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்ட்டுப் போங்கக்கா."